அசைவும் ஈடுபாடும்: கற்றல் நிலையங்கள் பற்றிய ஒரு நோக்கு

மொழி வகுப்பிலே மாணவரது கவனத்தை நிலைநிறுத்தும் வழியாகக் ‘கற்றல் நிலையங்கள்’ இன்று பெரிதும் விதந்துரைக்கப்படுகின்றன. வாசிப்பு, எழுத்து, செவிமடுத்தல், உரையாடல் எனப் பணிகளை வகுப்பறையின் வெவ்வேறு இடங்களில் அமைத்து, சிறு குழுக்களாகப் பிரிந்த மாணவர் குறித்த நேரத்துக்கொருமுறை இடம்மாறிச் செல்வதே இம்முறையாகும். பாடவேளை முழுவதும் ஆசிரியர் பேச, மாணவர் வாளாவிருந்து கேட்கும் மரபை இது மறுதலிக்கின்றது, அவ்வகையில் வரவேற்கத்தக்கதே. ஆயின், இடம்மாறும் மாணவன் மொழியாற்றலிலும் முன்னேறுகின்றானா என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகின்றது.

இவ்விடத்தில் இங்கிலாந்தின் அனுபவம் கருதத்தக்கது. 1967இல் வெளிவந்த பிளவுடன் அறிக்கை குழந்தையைக் கல்வியின் மையமாகக் கொண்டு, செயல்வழிக் கற்றலுக்கும் குழுமுறைக்கும் ஊக்கமளித்தது. அதனைத் தொடர்ந்து வந்த ஆண்டுகளில் ஆரம்ப வகுப்பறைகளை லெஸ்ரர் பல்கலைக்கழக ஆய்வாளர் நேரில் அவதானித்தனர். கால்ற்ரன், சைமன், குறோல் ஆகியோர் 1980இல் வெளியிட்ட முடிவுகள் பலரது எதிர்பார்ப்புக்கும் மாறானவை. பிள்ளைகள் குழுக்களாக அமர்ந்திருந்தனர். எனினும் பெரும்பாலும் தனித்தனியாகவே வேலை செய்தனர். ஆசிரியர் ஒவ்வொருவரிடமும் விரைந்து சென்றமையால் தனிப் பிள்ளைக்குக் கிடைத்த நேரம் மிகச் சிறிது. சிந்தனையைத் தூண்டும் வினாக்கள் முழு வகுப்பையும் நோக்கிப் பேசுகையிலேயே கூடுதலாகக் காணப்பட்டன.

இம்முடிவுகளைக் காட்டிப் பழைய முறைக்கு மீளுமாறு வாதிடுதல் பொருந்தாது. குழுவாக அமர்ந்த பிள்ளைகளுக்கு வழங்கப்பட்ட பணி, மற்றவரது துணையை வேண்டிநிற்கவில்லை என்பதே கவனத்துக்குரியது. கீறிட்ட இடங்களை நிரப்பும் பயிற்சித்தாளை நான்கு மேசைகளில் வைப்பதனால் அதன் இயல்பு மாறிவிடாது. மேலும், ‘திறன்’ அடிப்படையில் குழுக்கள் பிரிக்கப்படும்போது, வீட்டிலே நூல்களுடன் வளர்ந்த பிள்ளைக்கு விவாதமும், அவ்வாய்ப்பற்ற பிள்ளைக்குப் படம் பொருத்துதலும் கிடைக்கின்றன. இருவரும் சுறுசுறுப்பாகவே தோன்றுவர். சமூக ஏற்றத்தாழ்வு அச்சுறுசுறுப்பினுள் மறைந்துவிடுகின்றது.

பிரான்சின் கிராமப் பாடசாலை ஆசிரியரான செலெஸ்தன் பிரெனே 1920களில் வகுப்பறைக்குள் அச்சியந்திரத்தைக் கொண்டுவந்தார். பிள்ளைகள் தம் வாழ்வு குறித்து எழுதியவற்றை வகுப்பாகக் கூடித் தெரிந்து, திருத்தி, எழுத்துக் கோத்து, அச்சிட்டுப் பிறிதொரு பாடசாலைக்கு அனுப்பினர். அங்கும் பணிகள் பகுக்கப்பட்டிருந்தன. ஆனால் ஒருவரது உழைப்பு மற்றவரது உழைப்புக்கு மூலப்பொருளாயிற்று. எழுதியதை வாசிக்க உண்மையான வாசகர் இருந்தனர். பிழையைத் திருத்தவேண்டிய தேவை புள்ளிக்காக அன்றி அவ்வாசகருக்காகவே எழுந்தது.

நமது வகுப்புகளிலும் இது இயலும். ஊர்க் கிணறொன்று உவர்நீராகியமை பற்றி வகுப்பேடு ஒன்று ஆக்கப்படுவதாகக் கொள்வோம். ஒரு குழு முதியவரின் ஒலிப்பதிவைக் கேட்டுக் குறிப்பெடுக்கும். மற்றொன்று செய்தித்தாள்களை ஒப்புநோக்கும். மூன்றாவது அக்குறிப்புகளின் முரண்களை விவாதிக்கும். நான்காவது வரைவு எழுதும். ஆசிரியர் எழுத்தில் இடர்ப்படும் பிள்ளைகளுடன் ஓரிடத்தில் நிலைத்திருக்கலாம். அடுத்த பாடங்களில் குழுக்கள் பணிமாறுவதால் எப்பிள்ளையும் விவாதத்தினின்று விலக்கப்படமாட்டாது. இறுதியில் முழு வகுப்பும் கூடி வரைவை ஆராய்தல் இன்றியமையாதது.

ஆகவே, கற்றல் நிலையங்களை மதிப்பிடுவோர் மாணவர் எத்தனை முறை இடம்மாறினர் என்பதை நோக்குதல் போதாது. யார் பேசினர், யாருக்காக எழுதினர், எப்பிள்ளை எப்பணியினின்று ஒதுக்கப்பட்டது என்பனவே கேட்கப்படவேண்டிய வினாக்களாகும்.