இரண்டு நொடி மறுஆய்வு

2025 ஜூலை 2 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் அளித்த தீர்ப்பை, ஒட்டுக்கேட்புக்கே விழுந்த பூட்டு என்று பலர் கொண்டாடினார்கள். வருமான வரி லஞ்ச வழக்கில் சிக்கிய சென்னை நிறுவனத் தலைவர் ஒருவரின் தொலைபேசியைக் கேட்க 2011 ஆகஸ்டில் மத்திய உள்துறை போட்ட ஆணையை அந்தத் தீர்ப்பு ரத்துசெய்தது. பொது நெருக்கடியோ பொதுப் பாதுகாப்புக்கு ஆபத்தோ இல்லாதபோது, வெறும் குற்றத்தைக் கண்டுபிடிப்பதற்காக ஒட்டுக்கேட்கச் சட்டத்தில் இடமில்லை என்றது. நல்ல தீர்ப்புதான். ஆனால் பேசின் பிரிட்ஜுக்கு வடக்கே, எங்கள் வடசென்னையில் வாழ்கிறவர்களுக்கு அதனால் பெரிய காவல் எதுவும் வந்துவிடவில்லை. லஞ்ச வழக்கில் பொதுப் பாதுகாப்பு எங்கே வந்தது என்று நீதிமன்றம் கேட்கலாம். ரவுடிகளின் பகுதி என்று முத்திரை குத்தப்பட்ட புளியந்தோப்பு, வியாசர்பாடி, காசிமேடு என்று கோப்பில் எழுதியிருந்தால் அந்தக் கேள்வியே எழாது.

காவல்துறைக்கு இந்த அதிகாரமே கூடாது என்று நான் சொல்லவில்லை. 2024 ஜூலை 5 அன்று பெரம்பூரில் பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங் வெட்டிக் கொல்லப்பட்ட வழக்கில், வேலூர் சிறையில் இருந்த ஆயுள் கைதி ஒருவரும் குற்றம்சாட்டப்பட்டார். சிறைச் சுவரைத் தாண்டிக் கொலைத் திட்டம் போகக்கூடும் என்றால், அதைக் கேட்கப் போலீசுக்கு வழி வேண்டும். ஒரு உயிரைக் காப்பாற்றினாலும் லாபம்தான்.

நெடுநாளாக என்னை உறுத்துவது வேறு. கேட்கச் சொல்லிக் கையெழுத்துப் போடுபவர் உள்துறைச் செயலர். அவர் போட்டது சரியா என்று பார்ப்பது, மாநிலத்தில் தலைமைச் செயலர் தலைமையிலான மறுஆய்வுக் குழு. மத்தியில் அமைச்சரவைச் செயலர். உடன் இருப்பவர்களும் செயலர்களே. நீதிபதி ஒருவர்கூடக் கிடையாது. அவசரம் என்றால் ஐ.ஜி. மட்டத்துக்குக் குறையாத அதிகாரியே தொடங்கிவிடலாம். ஏழு வேலை நாட்களுக்குள் ஒப்புதல் வாங்கினால் போதும்.

இந்த மறுஆய்வுக் குழுவின் லட்சணத்தை 2018-இல், தரவுப் பாதுகாப்பை ஆராய்ந்த ஸ்ரீகிருஷ்ணா குழு எழுதிவைத்தது. தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கிடைத்த பதிலின்படி மத்திய அரசு மாதத்துக்கு 7,500 முதல் 9,000 ஆணைகள் போட்டுவந்தது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடும் குழுவின் முன்னால் 15,000 முதல் 18,000 ஆணைகள் வந்து நிற்கும். எட்டு மணி நேரம் எழுந்திருக்காமல் உட்கார்ந்து பார்த்தாலும் ஒரு ஆணைக்கு இரண்டு நொடி தேறாது. இதையா பாதுகாப்பு என்று நம்மிடம் சொல்கிறார்கள்? அந்தச் சென்னை வழக்கில் பதிவான பேச்சு குழுவின் பார்வைக்கே வைக்கப்படவில்லை. அது தவறு என்று தீர்ப்பு வர 14 ஆண்டு ஆனது.

முன்கூட்டியே நீதிபதியின் அனுமதி வேண்டும் என்ற கோரிக்கையை 1996-இல், மக்கள் சிவில் உரிமைக் கழகம் (பி.யூ.சி.எல்.) தொடுத்த ஒட்டுக்கேட்பு வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. சட்டம் அப்படிச் சொல்லாதபோது தன்னால் விதிக்க இயலாது என்றது. 2023-இல் நாடாளுமன்றம் புதிய தொலைத்தொடர்புச் சட்டமே இயற்றியது. 2024 டிசம்பரில் விதிகளும் வந்தன. நீதிபதிக்கு அப்போதும் இடம் இல்லை. மறந்துபோனார்கள் என்று இதை என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

"தப்பு செய்யாதவனுக்கு என்ன பயம்?" என்று கேட்பவர்கள், எங்கள் பகுதி நன்றாக அறிந்த குண்டர் சட்டத்தைப் பார்க்கட்டும். அந்தக் கொடிய சட்டத்தில்கூடக் கைதானவருக்கு ஐந்து நாளுக்குள் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். உயர் நீதிமன்ற நீதிபதி தகுதி உள்ளவர்கள் அமர்ந்த அறிவுரைக் குழுமம் விசாரிக்க வேண்டும். ஒட்டுக்கேட்கப்பட்டவருக்கு இதில் எதுவும் கிடையாது. ஒலிப்பதிவை அரசுத் தரப்பு நீதிமன்றத்தில் சாட்சியமாக வைத்தால்தான் அவருக்கே தெரியவரும். தப்பே செய்யாதவர் மீது வழக்கு வராது. ஆகவே அவருக்குத் தெரியவே தெரியாது.

அமெரிக்காவின் 1968 சட்டப்படி ஒட்டுக்கேட்க நீதிபதியின் ஆணை வேண்டும். நீதிபதி தள்ளிவைத்தால் ஒழிய, முடிந்து 90 நாளுக்குள் சம்பந்தப்பட்டவருக்குத் தெரிவிக்கவும் வேண்டும். வியாசர்பாடிக்காரருக்கு அப்படி ஒரு கடிதம் வர, நம் சட்டத்தில் ஒரு பிரிவு சேர்த்தால் போதும்.