தொடர்கோலத்தில் இணைப்பும் மீள்வும்

சிறிய சதுரப் படம் ஒன்றை இடமும் வலமும், மேலும் கீழுமாக அடுக்கிப் பரப்பு முழுவதையும் நிரப்பும் முறை, 1995இல் வெளிவந்த நெட்ஸ்கேப் 1.1 உலாவியின் வாயிலாக வலைப்பக்கங்களிற் பரவிற்று. இன்று கணிப்பொறித் திரையில் எழுத்துக்குப் பின்புலமாக விளங்கும் கோலங்கள் பல இம்முறையில் அமைந்தவையே. இவற்றை மதிப்பிடுவோர், இணைப்புத் தெரியாதிருப்பின் கோலம் நன்று என்னும் ஒரே அளவுகோலைப் பெரிதும் கொள்கின்றனர். இவ்வளவுகோல் போதாது என்பதை ஈண்டு நிறுவ முயல்வோம்.

இணைப்பை மறைத்தல் கைத்திறம் பற்றியது. படத்தை அகலத்திலும் உயரத்திலும் பாதியளவு நகர்த்தினால், விளிம்புகள் நடுவே வந்து கோடுகளாகப் புலப்படும். அக்கோடுகளை வண்ணத்தால் மறைத்துவிட்டால் நான்கு விளிம்புகளும் தம்முட் பொருந்தும். இறுதி முதலோடு கூடி மண்டலிக்கும் அந்தாதியை இஃது ஒருபுடை ஒக்கும். ஆயினும் அந்தாதியில் இணைப்புப் புலப்படுதலே அழகு. பின்புலத்தில் அது புலப்படாமையே அழகு. இவ்வேறுபாடு கருதத்தக்கது.

விளிம்பு பொருந்திய பின்னரும் எஞ்சுவது மீள்வு. இதனைத் தெளிவாக உணர்ந்தவர் ஆங்கிலக் கலைஞர் வில்லியம் மாரிஸ். 1881இல் இலண்டனில் ஆற்றிய சொற்பொழிவில், மீள்வுகளைக் காண்போர் எண்ணத் தொடங்காதவாறு கோலத்தின் கட்டமைப்பை மறைத்தல் வேண்டும் என அவர் வற்புறுத்தினார். அவருடைய சுவர்த்தாள்களே இதற்குச் சான்றாகும். 1864இல் வெளிவந்த 'டெய்சி'யில் பூங்கொத்துகள் தனித்தனியே நிற்றலின், கண் அவற்றை எளிதில் எண்ணிவிடுகின்றது. 1887இல் வரைந்த 'வில்லோ பௌ' என்பதிலோ கிளைகள் ஒன்றையொன்று ஊடுருவிச் செல்கின்றன. ஒரு கிளையைப் பின்பற்றும் கண், அலகின் எல்லையைக் கடந்ததை அறியாமலே கடந்துவிடுகின்றது. இரண்டிலும் விளிம்புகள் பொருந்தியே உள்ளன. எனவே அவற்றின் வேறுபாடு விளிம்பில் இல்லை என்பது போதரும்.

மீள்வைக் காட்டுதல் எங்கும் குற்றமோ என வினவலாம். அன்று. கிரனடாவின் அல்ஹம்ப்ரா அரண்மனையில் ஓடுகளின் வடிவங்கள் வெளிப்படையாகவே மீண்டு வருகின்றன. அவ்வொழுங்கைக் கண்டறிதலே ஆண்டுப் பெறும் இன்பம். மடக்கணியில் எழுத்துத்தொடர் மீண்டு வருதலும் குற்றமாவதில்லை. பொருள் வேறுபட வருதலால் அஃது அணியாகின்றது. ஆகவே மீள்வுக்குக் காரணம் உண்டா என்பதே திறனாய்வாளன் எழுப்ப வேண்டிய வினா.

இவ்வினாவை இழைநயப் பின்புலங்களிடம் எழுப்பும்போது உண்மை வெளிப்படும். கல், மணல், கைத்தாள் முதலியவற்றின் மேற்பரப்பைப் போலச் செய்வன இவை. இயற்கைக் கல்லில் ஒரே கறை சம இடைவெளியில் வரிசையாகத் தோன்றுவதில்லை. படத்தில் ஒரு கரும்புள்ளி சற்றே மிகுந்து நின்றாலும், அடுக்கிய அளவில் அது வரிசையாகிக் கல்லைப் பொய்யாக்கிவிடும். படிப்போன் கண்ணும் எழுத்தை விட்டு அவ்வரிசையிற் செல்லும். பின்புலம் தன் கடமையில் தவறும் இடம் இதுவே. கோலத்திற்கு மாரிஸ் விதித்த நெறி, இழைநயத்திற்கு இன்னும் கடுமையாகப் பொருந்தும் என்பது நம் துணிபு.

இரு திசைகளில் மீளும் கோலங்களின் சமச்சீர் வகைகள் 17 மட்டுமே என 1891இல் ஃபெதரோவ் மெய்ப்பித்தார். எனினும் மீள்வினின்று விடுபடவும் வழி உண்டு. ஹாவ் வாங் 1961இல் எடுத்துரைத்த, விளிம்பு நிறம் ஒத்தாலன்றிச் சேராத சதுரங்களைக் கொண்டு, 2003இல் ஆய்வாளர் சிலர் இழைநயப் பரப்புகளை ஆக்கிக் காட்டினர். ஒரு சதுரத்திற்குப் பதிலாகச் சில சதுரங்கள் மாறி மாறி வருதலின், ஒழுங்கான வரிசை தோன்றுவதில்லை.

இதுகாறும் கூறியவற்றால், இணைப்பின்மை தொடர்கோலத்தின் தொடக்கத் தகுதியே அன்றி முடிந்த சிறப்பன்று என்பது பெறப்படும். மீள்வைக் காட்டுவதாயின் அதற்குப் பொருள் வேண்டும். பொருள் இல்லையாயின் அதனை மறைத்தல் வேண்டும். இவ்விரண்டும் இல்லாதது, விளிம்பு எத்துணைப் பொருந்தினும், நல்ல பின்புலம் ஆகாது.