தூய திரித்துவ ஆலயம், பிளைத்பர்க்

தூய திரித்துவ ஆலயம் இங்கிலாந்தின் கிழக்கே சஃபோக் பகுதியில், பிளைத் ஆற்றின் கழிமுகத்தை ஒட்டிய பிளைத்பர்க் என்னும் சிற்றூரில் உள்ள பங்கு ஆலயம். 15-ஆம் நூற்றாண்டில் எழுப்பப்பட்டது. ஊரின் அளவுக்குப் பொருந்தாத பெரிய உருவத்தால் 'சதுப்புநிலத்தின் கதீட்ரல்' என அழைக்கப்படுகிறது. கூரையிலுள்ள மரத்தாலான வானதூதர் சிற்பங்களும் இருக்கைகளின் முனைகளில் உள்ள சிற்பங்களும் புகழ்பெற்றவை.

வரலாறு

பிளைத்பர்க் மத்திய காலத்தில் துறைமுகமும் சந்தையும் கொண்ட ஊராக இருந்தது. அகஸ்தீனிய துறவியரின் சிறு மடம் ஒன்றும் அங்கே இருந்தது. பழைய ஆலயத்தின் 14-ஆம் நூற்றாண்டுக் கோபுரத்தை மட்டும் விட்டுவைத்து, மற்ற பகுதிகளை 15-ஆம் நூற்றாண்டில் புதிதாகக் கட்டினர். எட்டாம் ஹென்றியின் ஆட்சியில் மடம் கலைக்கப்பட்டது. ஆறு மணல்மூடிக் கப்பல் வரத்து குறைந்ததும் ஊர் சுருங்கியது. பெரிய ஆலயமும் அதைப் பராமரிக்க வழியில்லாத சிறிய ஊரும் எஞ்சின. அதன்பின் வந்த வரலாறு முழுவதும் இந்த முரணிலிருந்து பிறந்தது.

1577 ஆகஸ்ட் 4 அன்று வழிபாட்டு நேரத்தில் இடி விழுந்து கோபுரத்தின் கூர்முடி சரிந்தது. ஓர் ஆணும் ஒரு சிறுவனும் இறந்தனர். கரிய நாய் வடிவில் சாத்தான் வந்ததாக மக்கள் பேசிக்கொண்டனர். வடக்குக் கதவிலுள்ள கருகிய தடங்கள் அந்த நாயின் நகக்கீறல்கள் என்று இன்றும் காட்டப்படுகின்றன.

கட்டிட அமைப்பு

ஆலயம் ஆங்கில கோதிக் மரபின் கடைசிக் கட்டமான செங்குத்துப் பாணியில் அமைந்தது. இந்தப் பாணியில் சுவர் மெலிந்து சாளரம் அகலும். மேலே இருபுறமும் நெருக்கமாகச் செல்லும் சாளர வரிசை கூரைக்கு வெளிச்சம் தருகிறது. மக்கள் கூடும் நடுக்கூடத்துக்கும் பீடப்பகுதிக்கும் இடையே கல் வளைவு கிடையாது. ஒரே கூரை மேற்கிலிருந்து கிழக்குவரை தடையின்றி ஓடுகிறது. இரண்டையும் பிரித்தது மரத்தாலான சிலுவைத் திரை மட்டுமே.

கூரை பெரிய சரிவு இல்லாதது. உத்தரங்களின் நடுவில் வானதூதர்கள் முதுகோடு முதுகு ஒட்டி, சிறகு விரித்து, இணை இணையாக நிற்கின்றனர். உத்தரங்களில் பூக்களும் இயேசுவின் பெயர்ச்சுருக்க எழுத்துகளும் தீட்டப்பட்டிருந்தன. மங்கிய வண்ணங்கள் இன்னும் தெரிகின்றன.

உட்பொருட்கள்

இருக்கை முனைகளில் தலையாய பாவங்கள் மனித உருவில் அமர்ந்திருக்கின்றன. சோம்பல் படுக்கையைவிட்டு எழவில்லை. பெருந்தீனி தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அவதூறின் நாக்கு வெளியே தொங்குகிறது. போலிபக்தி கண்களைத் திறந்துவைத்துக்கொண்டு கைகூப்புகிறது. பருவந்தோறும் நடக்கும் வேளாண் வேலைகளும் உண்டு.

எட்டு முகம் கொண்ட திருமுழுக்குத் தொட்டியில் ஏழு அருளடையாளங்கள் செதுக்கப்பட்டிருந்ததாகக் கருதப்படுகிறது. இன்று அந்த முகங்கள் வெட்டியெடுக்கப்பட்டு வெறுமையாக உள்ளன. பீடப்பகுதி மேசையில் 1665-ல் ஒரு சிறுவன் செதுக்கிய பெயர் உள்ளது. 1682 என ஆண்டு பொறித்த மரப்பொம்மை ஒன்று மணியடிக்கிறது.

அழிவும் பழியும்

1644 ஏப்ரலில் பியூரிட்டன் தரப்பின் உருவ எதிர்ப்பாளர் வில்லியம் டௌசிங் இங்கே வந்தார். வண்ணக் கண்ணாடிச் சித்திரங்களையும் வானதூதர்களையும் அகற்ற உத்தரவிட்டதைத் தன் நாட்குறிப்பில் பதிந்தார். கண்ணாடிகள் போயின. வானதூதர்கள் தப்பினர்.

வானதூதர்களின் உடலில் ஈயக் குண்டுகள் இருந்தன. டௌசிங்கின் ஆட்களோ கிராம்வெல்லின் வீரர்களோ சுட்டவை அவை என்பது நெடுங்கால நம்பிக்கை. ஆனால் அவை 18-ஆம் நூற்றாண்டில் கூரைக்குள் கூடுகட்டிய ஜாக்டா என்னும் காக்கை இனப் பறவைகளை விரட்டச் சுட்டவை என்று பின்னர் விளக்கப்பட்டது. சுட்டவர்கள் ஊராரே. கூரையைக் காப்பாற்றத்தான் சுட்டார்கள்.

இந்தத் திருத்தம் முக்கியமானது. அழிவுக்கு ஒரு தீயவனைக் காட்டும் கதை எளிதாகப் பரவும். பிளைத்பர்க் ஆலயத்தை உருக்குலைத்ததில் மதவெறிக்கு இருந்த பங்கு வறுமைக்கும் கவனிப்பின்மைக்கும் இருந்தது. கூரை ஒழுகியது, சாளரங்கள் செங்கல்லால் அடைக்கப்பட்டன. 1881-ல் ஆபத்தான கட்டிடம் என ஆலயம் மூடப்பட்டது. 1884-ல் மீண்டும் திறக்கப்பட்டது.

பழுதுபார்க்கும் முறை பற்றி எழுந்த விவாதத்தில் 1877-ல் வில்லியம் மாரிஸ் தொடங்கிய பழங்கட்டிடப் பாதுகாப்புக் கழகம் தலையிட்டது. பழையது போலப் புதிதாகச் செய்வது பொய். உள்ளதைத் தாங்கி நிறுத்துவதே கடமை என்பது அக்கழகத்தின் நிலைப்பாடு.

மதிப்பீடு

பிளைத்பர்க் ஆலயத்தைப் புகழ்பவர்கள் அதன் வெண்ணிற ஒளியையும் விரிந்த வெறுமையையும் எளிமையையும் மத்திய கால ஆன்மிகத்தின் வெளிப்பாடாகச் சொல்வதுண்டு. இது பிழையான வாசிப்பு. கட்டியவர்கள் எண்ணியது இந்த ஒளியை அல்ல. வண்ணக் கண்ணாடி வழியே நிறம் மாறிய ஒளியும், வண்ணம் தீட்டிய திரையும் தொட்டியும், மெழுகுவர்த்திகளும் நிறைந்த இடம் அது. இன்று காணும் தூய்மை இழப்பினால் உருவானது. அதை ரசிப்பதில் தவறில்லை. கட்டியவர்களின் நோக்கம் என்று அதைச் சொல்வதுதான் தவறு.

சிற்பங்களின் தரம் சமமானதல்ல. இருக்கை முனை உருவங்கள் குட்டையானவை, முகங்கள் மொண்ணையானவை. வானதூதர்களின் சிறகுகளில் உள்ள கைத்தேர்ச்சி அவற்றில் இல்லை. ஆனால் அவை இருக்கும் இடம் பொருத்தமானது. பாவங்கள் அமர்பவரின் முழங்கைக்கு அருகே, தொட்டுப் பார்க்கும் உயரத்தில் உள்ளன. வானதூதர்கள் கைக்கு எட்டாத உயரத்தில் உள்ளனர். எழுத்தறியாத உழவரும் உட்கார்ந்தபடியே இரண்டையும் புரிந்துகொள்ள முடிந்தது.

1969-ல் ஸ்நேப் இசையரங்கு தீக்கிரையானபோது ஆல்ட்பரோ விழாவின் இசை நாடகம் இங்கே அரங்கேறியது. அன்று வந்தவர்களின் தலைக்கு மேல் இருந்தவை குண்டு துளைத்த, வண்ணம் மங்கிய சிறகுகள். அவற்றுக்குப் புது வண்ணம் பூசியிருந்தால் வறுமை, வெறுப்பு, அக்கறை ஆகிய மூன்றின் தடங்களும் ஒன்றாக மறைந்திருக்கும். தன் காயங்களைத் திருத்திக்கொள்ளாமல் நிற்பதே ஆங்கில பங்கு ஆலயங்களில் பிளைத்பர்க்குக்குத் தனியிடம் அளிக்கிறது.