பைண்டு செய்த தொடர்கதை

ஒரு நாவல் படிக்கத் தகுந்ததா என்று கேட்டால், அது எங்கே வெளிவந்தது என்று திருப்பிக் கேட்பது தமிழ்த் திறனாய்வின் பழைய வழக்கம். வார இதழில் தொடராக வந்தால் வெகுஜன எழுத்து. பேருந்து நிலையக் கடையில் கிளிப் மாட்டித் தொங்கும் மாத நாவலுக்கு அந்த மரியாதைகூடக் கிடையாது. சிறுபத்திரிகையில் வந்தாலோ, ஆசிரியர் கடன் வாங்கி அச்சிட்டாலோ அது இலக்கியம். இந்தப் பிரிவினைக்கு வலுவான காரணமும் உண்டு, பெரிய ஓட்டையும் உண்டு.

முதலில் காரணம். 1933இல் தொடங்கிய 'மணிக்கொடி' இதழைச் சுற்றி எழுதியவர்களுக்கும் சரி, 1959இல் சி.சு. செல்லப்பா தொடங்கிய 'எழுத்து' வட்டத்துக்கும் சரி, எதிரே இருந்தது பெருவாரியான விற்பனை. அதிகம் விற்பதே சிறந்தது என்ற எண்ணம் வேரூன்றியிருந்த நேரத்தில், விற்பனையும் தரமும் வெவ்வேறு என்று யாராவது உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. திறனாய்வாளர் க.நா.சு. அதைத் தளராமல் சொன்னார். படிக்க வேண்டிய நூல்களைப் பட்டியலிட்டு, புகழ்பெற்ற பெயர்களைக் கூசாமல் விட்டுவிட்டார். அந்தப் பட்டியல்கள் இல்லாவிட்டால் சில நூறு பிரதிகளோடு முடங்கிய பல நூல்கள் அடுத்த தலைமுறைக்குக் கிடைத்திருக்காது. அவரிடம் இருந்த குறையும் அந்தப் பட்டியலில்தான் இருந்தது: தீர்ப்பு வரும், காரணம் வராது. இந்த ரசனைவழித் திறனாய்வை எதிர்த்த இலங்கைத் திறனாய்வாளர் க. கைலாசபதி, 1968இல் வெளியிட்ட 'தமிழ் நாவல் இலக்கியம்' நூலில் சமூகப் பின்னணியை அளவுகோலாக்கினார். அவரிடம் காரணங்கள் நிறைய இருந்தன. ஆனால் சமூகத்தைச் சரியாகக் காட்டும் நாவல் ஏன் சில சமயம் கொட்டாவி வரவழைக்கிறது என்பதற்கு அந்த அளவுகோலில் விடை கிடையாது.

இனி ஓட்டை. வெளிவந்த இடத்தை வைத்துத் தரம் பிரித்தால் தமிழ் நாவலின் வரலாறே கையில் நிற்காது. பி.ஆர். ராஜமய்யரின் 'கமலாம்பாள் சரித்திரம்' 1893 முதல் 'விவேக சிந்தாமணி'யில் தொடராக வந்தது. தி. ஜானகிராமனின் 'மோகமுள்' ஐம்பதுகளில் 'சுதேசமித்திர'னில் வாரந்தோறும் வந்தது. ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' 1966இல் 'ஆனந்த விகட'னில் அச்சாகி வாசகர்களைக் கொதிக்க வைத்தது. முன்பின் தெரியாதவனால் மகளுக்கு நேர்ந்ததைத் தாய் தனக்குள் புதைத்துக்கொள்ளும் கதை அது. அவள் புதைக்காமல் ஊரைக் கூட்டியிருந்தால் அந்தப் பெண் என்னவாகியிருப்பாள் என்ற கேள்வியிலிருந்து 'சில நேரங்களில் சில மனிதர்கள்' பிறந்தது. அதுவும் 'தினமணி கதி'ரில் வந்த தொடரே. சாகித்திய அகாதமி விருதும் பெற்றது. வார இதழ் வாசகர்களின் கோபம் ஒரு நல்ல நாவலுக்கு வித்தாகியிருக்கிறது என்றால், வார இதழைக் குறையின் முகவரியாக எழுதி வைப்பது நியாயமாகாது.

வெளியான இடத்தைவிட நம்பகமான சோதனையை வாசகர்களே நடத்தியிருக்கிறார்கள். தொடர்கதைப் பக்கங்களை வாரம் தவறாமல் கிழித்து, அடுக்கி, ஊசிநூலால் தைத்து, காலிகோ முதுகு ஒட்டி பைண்டு செய்து வைப்பது பல வீடுகளில் இருந்த பழக்கம். பழுப்பேறிய அந்தத் தொகுப்பில் கதையின் பின்பக்கத்தில் பாதி துணுக்கும், தலைவலித் தைல விளம்பரமும் இருக்கும். ஓரம் வெட்டும்போது படத்தில் யாருக்காவது கை போயிருக்கும். ஆனால் ஒன்று மட்டும் அதில் இருக்காது: காத்திருப்பு. 'தொடரும்' என்ற சொல்லுக்குப் பின் ஏழு நாள் இருந்த இடத்தில் இப்போது ஒரு பக்கத் திருப்பல்தான் இருக்கிறது. காத்திருப்பு கொடுத்த சுவை கழிந்த பிறகும் ஒரு கதை நிற்கிறதா? நின்றால் அதில் சரக்கு இருக்கிறது.

கல்கியின் 'பொன்னியின் செல்வ'னை இந்தத் தட்டில் வைத்துப் பார்க்கலாம். 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் மணியத்தின் ஓவியங்களோடு வந்து, ஐந்து பாகமாக நூலான கதை. சேர்த்துப் படிக்கும்போது தொடரின் தையல்கள் நன்றாகவே தெரிகின்றன. போன வாரம் நடந்ததை ஆசிரியர் அடிக்கடி நினைவூட்டுகிறார். கடம்பூர் மாளிகையில் கதாநாயகன் வந்தியத்தேவன் மறைந்திருந்து சதியாலோசனையைக் காண்பது கதைக்கு அவசியம். ஆனால் அதற்குப் பிறகும் முக்கியமான பேச்சு எதுவும் யாராவது ஒளிந்து கேட்காமல் நடப்பதில்லை. சந்திக்க வேண்டியவர்கள் சந்திக்க வேண்டிய நேரத்தில் சந்தித்துவிடுகிறார்கள். வாரவாரம் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்தவர் மன்னித்த இந்தத் தற்செயல்கள், ஒரே மூச்சில் படிப்பவரைச் சலிக்க வைக்கும்.

அப்படியும் நாவல் விழவில்லை. வீரநாராயண ஏரிக்கரையில் ஆடிப்பெருக்கன்று தொடங்கும் முதல் அத்தியாயத்தில் திருப்பம் எதுவும் கிடையாது. குதிரைமேல் ஓர் இளைஞன், புதுப்புனல், கட்டுச்சோறோடு வந்த கூட்டம். கதை முழுதும் தெரிந்தவரும் அந்தக் கரைக்குத் திரும்பப் போகிறார். கதையின் மர்மப் பெண்ணான நந்தினியின் பிறப்பு முழுதாகத் தெளிவாவதில்லை. அவள் செய்வதில் பழிவாங்கல் எவ்வளவு, காயம் எவ்வளவு என்பதும் அப்படியே. சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் கொலையில் ரவிதாசனையும் அவன் உடன்பிறந்தாரையும் உடையார்குடிக் கல்வெட்டு துரோகிகள் என்று குறிக்கிறது. அந்தச் சான்று கையில் இருந்தும் கொன்ற கை எது என்பதைக் கல்கி மங்கலாகவே விட்டார். விடை தெரிந்தால் தீர்ந்துபோகும் மர்மம் வேறு, விடையே இல்லாமல் மனத்தில் சுழலும் மர்மம் வேறு. மர்மக் கதையாகத் தொடங்கிய நாவலை மறுவாசிப்புக்கு உரியதாக்குவது இந்த இரண்டாவது வகைதான். நூலின் முடிவுரையில் பாத்திரங்கள் பின்னால் என்ன ஆனார்கள் என்று கல்கி விளக்கம் சொல்லியிருக்க வேண்டாம். வாசகர்கள் கேட்டார்கள், சொன்னார். அதுவும் தொடர்கதையின் பலவீனங்களில் ஒன்று.

மாத நாவல் இந்தச் சோதனையில் பெரும்பாலும் தோற்கிறது. ராஜேஷ்குமார் 1,500க்கும் மேற்பட்ட நாவல்களை எழுதியவர். தொடர்பில்லாத இரண்டு கதைகளை ஒன்றுவிட்டு ஒன்றாக அத்தியாயங்களில் நகர்த்தி, கடைசியில் முடிச்சுப் போடுவது அவர் கைவந்த உத்தி. முடிச்சு எங்கே என்று தெரியாதவரை பக்கங்கள் பறக்கும். தெரிந்தபின் இரண்டு தண்டவாளங்கள்தான் மிஞ்சும். இதைக் குற்றமாகச் சொல்வதிலும் பொருளில்லை. கோவையில் ஏறி ஈரோட்டில் இறங்குவதற்குள் முடிக்க வேண்டிய கதைக்கு அந்த வடிவம் பொருந்துகிறது. ஒரு முறை படிக்கத் தகுந்த நூல் என்று ஒரு வகை உண்டு. அதை இலக்கியம் என்று உயர்த்தவும் வேண்டாம், குப்பை என்று தள்ளவும் வேண்டாம். எழுத்துக்கூட்டிப் படித்த பலரை முழுப் புத்தகம் படிப்பவராக மாற்றியதும் இந்த நாவல்களே.

மறுவாசிப்புச் சோதனைக்கும் எல்லை உண்டு. ஒருவர் திரும்பத் திரும்பப் படிப்பது நூலின் ஆழத்தாலா, பழகிய சுகத்தாலா என்பதை அது பிரித்துச் சொல்லாது. பைண்டு தொகுப்பைப் பிரிப்பவர் சில சமயம் கதையைத் தேடுவதில்லை, தன் பதினாறு வயதைத் தேடுகிறார். இன்னொரு சிக்கல், யாரும் முதல்முறையே படிக்காத நூலுக்கு மறுவாசிப்பு எங்கிருந்து வரும்? செவ்வியல் நூல்களுக்கு நேர்ந்தது அதுதான். 1880இல் கும்பகோணத்தில் முன்சீப்பாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியார், இளம் தமிழாசிரியரான உ.வே. சாமிநாதையரிடம் என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார். அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், கோவை என்று நீண்ட பட்டியல் வந்தது. முதலியார் அசரவில்லை. 'சீவக சிந்தாமணி' படித்ததுண்டா என்று கேட்டார். இல்லை. பல நூற்றாண்டு வயதுள்ள காப்பியத்தைத் தமிழே தொழிலாகக் கொண்டவரும் பார்த்ததில்லை. ஏழு ஆண்டு உழைப்புக்குப் பின் 1887இல் அதை உ.வே.சா. பதிப்பித்தார். 1892இல் 'சிலப்பதிகாரம்' வந்தது. பழமை ஒரு நூலுக்கு மதிப்பைத் தரலாம், வாசகரைத் தராது. தேடிக் கொடுக்க ஓர் ஆள் வேண்டும்.

அந்தக் கும்பகோணம் உரையாடலைத் தமிழர் இன்று அறிந்திருப்பதும் ஒரு வார இதழால்தான். உ.வே.சா. தம் வாழ்க்கை வரலாற்றை 1940 முதல் 'ஆனந்த விகட'னில் தொடராக எழுதினார். நகைச்சுவைத் துணுக்குகளுக்கும் சிறுகதைகளுக்கும் நடுவே, ஏடு தேடி அலைந்த கதையை வாசகர்கள் வாரந்தோறும் படித்தார்கள். 1942 ஏப்ரலில் அவர் காலமானார். 1950இல் நூலாக வந்த 'என் சரித்திரம்' 122ஆம் அத்தியாயத்தோடு நிற்கிறது.