மெடஸ் பாறைச் சுவரில்

ஸ்கூபா முக்குளிப்பவர்கள் கூடினால் ஆழத்தைப் பற்றித்தான் முதலில் பேச்சு வரும். யார் 40 மீட்டர் போனார், யார் அதையும் தாண்டினார் என்று கணக்கு நீளும். மெடஸ் தீவுகளை நன்கு அறிந்தவர்களிடம் அந்தப் பேச்சு அதிகம் எடுபடாது. அங்கே முதல் 25 மீட்டருக்குள்ளேயே எத்தனை முறை பார்த்தாலும் தீராத பாறைச் சுவர் இருக்கிறது. அதைப் பார்க்க, தண்ணீருக்குள் அசையாமல் நிற்கத் தெரிந்திருக்க வேண்டும். முக்குளிப்பை ஒரு கலை என்று சொல்ல முடியுமானால், அது இந்த நிற்பில்தான் இருக்கிறது என்பேன்.

ஸ்பெயினின் வடகிழக்கில், கத்தலோனியாவின் கோஸ்தா பிராவா கரையில் லெஸ்தார்தித் என்ற சிற்றூர். அங்கிருந்து ஏறத்தாழ 1 கிலோமீட்டரில் ஏழு சுண்ணாம்புப் பாறைத் தீவுகள். கரையில் நிற்கும் மோன்க்ரி மலைதான் கடலுக்குள்ளும் தொடர்ந்து இப்படித் தலைகாட்டுகிறது. பெரிய தீவான மெடா கிரானில் ஒரு கலங்கரை விளக்கம். தெற்கே கரால் பெர்னாத் என்ற ஒற்றைப் பாறை, கிட்டத்தட்ட 70 மீட்டர் உயரத்துக்குச் செங்குத்தாக எழுகிறது. பனியுகத்தில் கடல்மட்டம் தாழ்ந்திருந்தபோது மழைநீர் இந்தச் சுண்ணாம்பைக் கரைத்துக் குகைகளாகக் குடைந்தது. பின்பு ஏறிவந்த கடல் அவற்றை மூழ்கடித்தது. மெடா பெத்தித்தா தீவில் உள்ள டோஃபி என்ற குகையில் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே வரலாம்.

தண்ணீர் கண்ணாடிபோல இல்லையே என்று முதல்முறை வருபவர்கள் குறைப்படுவதுண்டு. பக்கத்திலேயே தெர் ஆறு கடலில் கலக்கிறது. அது கொண்டுவரும் சத்துகளால் நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. ஓரிடத்தில் ஒட்டி நின்று நீரை வடிகட்டி உண்ணும் உயிர்கள் பாறை முழுக்க அப்பிக் கிடப்பது இந்தக் கலங்கலால்தான். எனக்கு அந்தக் கலங்கல் பிடிக்கும்.

சுவரைப் படிக்க வெளிச்சம்தான் வழிகாட்டி. மேலே வெயில் விழும் பாறையில் பாசிகள். இறங்க இறங்க வெளிச்சம் குறைந்து பாசிகள் பின்வாங்க, விலங்குகள் இடம்பிடிக்கின்றன. சுமார் 15 மீட்டர் முதல் கடல் விசிறிகள், நீரோட்டத்துக்குக் குறுக்காகக் கைவிரித்து நிற்கும். விளக்கில்லாமல் பார்த்தால் மங்கிய நீலம், சாம்பல். சிவப்பு ஒளியைத் தண்ணீர் முதல் சில மீட்டரிலேயே விழுங்கிவிடுவதுதான் காரணம். கைவிளக்கைப் பொருத்தியதும் அதே கிளை கருஞ்சிவப்பும் ஊதாவுமாக எழும். நுனிகளில் சில நேரம் மஞ்சள். ஆண்டுக்குச் சராசரியாக 2 சென்டிமீட்டர்கூட வளராத உயிர் அது. ஒரு மீட்டர் உயர விசிறி என்றால் அதன் வயதை நீங்களே கணக்கிடலாம்.

இன்னும் இருட்டான இடம், குகை வாயின் மேற்கூரை. அங்கே தலைகீழாகத் தொங்குகிறது செம்பவளம். நம் நகைகளில் பதிக்கும் அதே பவளம். மத்தியதரைக் கடல் பவளத்தை இந்தியர்கள் எவ்வளவு விரும்பினார்கள் என்று ரோமானிய அறிஞர் பிளினி எழுதியிருக்கிறார். முசிறியில் இறங்கிய சரக்குகளில் ஒன்றாக அதை எரித்திரியக் கடல் பெரிப்ளூஸ் என்ற பழங்கிரேக்க வணிகக் கையேடு குறிப்பிடுகிறது. பின்னாளில் மெட்ராஸில் பவளத்தைக் கொடுத்து வைரம் வாங்கிய ஐரோப்பிய வணிகர்களின் நினைவாகச் சென்னை ஜார்ஜ் டவுனில் பவளக்காரத் தெரு இன்றும் இருக்கிறது. தடிமனில் ஆண்டுக்கு அரை மில்லிமீட்டர்கூடக் கூடாத ஒன்றை மாலை மாலையாகக் கோத்து அணிந்திருக்கிறோம் என்பது, அந்தக் கூரையின் கீழே மிதக்கும்போதுதான் எனக்கு உறைத்தது.

அந்தக் கூரையின் கீழே மிதப்பது எளிதல்ல. ஆழம் கூடக் கூட உடுப்பின் நியோப்ரீன் என்ற நுரை ரப்பர் அமுங்கி மிதவைச் சக்தியை இழக்கும். காற்றுச் சட்டையில் கொஞ்சம் காற்று விட்டு அதை ஈடுகட்டுவார்கள். இது கருவியின் வேலை. நுண்ணிய வேலையை நுரையீரல் செய்கிறது. கூடுதலாக அரை லிட்டர் காற்றை உள்ளிழுத்தால் ஏறத்தாழ அரை கிலோ எடை குறைந்ததுபோல உடல் மேலெழும். வெளியே விட்டால் தாழும். ஆனால் உடனே நடக்காது, ஓரிரு நொடி தாமதம் உண்டு. அந்தத் தாமதத்தை முன்கூட்டியே உணர்ந்து மூச்சை மாற்றுபவரே தேர்ந்தவர். மூச்சை அடக்கிக்கொள்வதும் தகாது. ஏறும்போது விரியும் காற்று நுரையீரலைக் கிழித்துவிடும். நாகஸ்வரக்காரருக்கு மூச்சு எப்படியோ அப்படித்தான் இவருக்கும்: நிறுத்தாமல், அளந்து, அடுத்த கணத்தை எண்ணி விடவேண்டும். முழங்காலை மடித்துத் துடுப்புகளை உயர்த்தி, தவளைபோல் பக்கவாட்டில் மெல்ல உதைக்கிறார். மண் கிளம்புவதில்லை, விசிறியும் ஆடுவதில்லை.

இது வெறும் அழகு பற்றிய பேச்சல்ல. 1990களில் என்ரிக் சாலா, ஜோக்கிம் கராபூ முதலிய ஆய்வாளர்கள் மெடஸில் பெந்தாபோரா என்ற உயிர்க்கூட்டத்தைக் கணக்கெடுத்தார்கள். தொட்டால் நொறுங்கும் மெல்லிய சுண்ணாம்பு இதழ்களாக வளர்வது அது. முக்குளிப்பவர்கள் அதிகம் வரும் இடங்களில் அது குறைவாகவும் சிறிதாகவும், பெரும்பாலும் ஒதுங்கிய பொந்துகளிலும் இருந்தது. துடுப்பின் ஓர் உதை, தவறி ஊன்றிய ஒரு கை, அவ்வளவுதான் காரணம். மிதக்கத் தெரியாதவரைக் குகைக்குள் அழைத்துப் போகவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. கட்டணம் கட்டிவிட்டார் என்பது ஒரு காரணமே அல்ல.

பவளம் எடுப்பவர்களும் ஈட்டித் துப்பாக்கிக்காரர்களும் வெறுமையாக்கிக்கொண்டிருந்த இடம் இது. 1983இல் கத்தலோனிய அரசு இங்கே மீன்பிடிப்பையும் பவளம் எடுப்பதையும் தடை செய்தது. நங்கூரம் போட முடியாது. படகை மிதவையில்தான் கட்ட வேண்டும். பலன் களவா மீன்களில் தெரிகிறது. ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளமுள்ள பழுப்புக் களவா, தடித்த உதடும் புள்ளி உடம்புமாக, இரண்டு கை தூரத்தில் வந்து நின்று பார்க்கும். இவை பெண்ணாகவே முதிர்ந்து, பெருத்தபின் சில ஆணாக மாறுகின்றன. பெரியவற்றையே குறிவைத்துக் கொன்றால் இனப்பெருக்கத்துக்கு ஆண்களே எஞ்சுவதில்லை. நீங்கள் அசையாதிருந்தால் களவா நெடுநேரம் விலகுவதில்லை. பின்னால் உதைத்துத் துரத்தினால் அந்தச் சந்திப்பு முடிந்தது.

மீன்களைத் தடைச்சட்டம் காத்தது. வெப்பத்தை அதனால் தடுக்க முடியவில்லை. லெஸ்தார்தித்தின் ஜோசப் பஸ்குவால் 1970களிலிருந்து படகில் போய், மேற்பரப்பு முதல் 80 மீட்டர் வரை கடலின் வெப்பநிலையை அளந்துவந்தவர். அந்த நீண்ட பதிவில் மேல்நீர் ஒரு டிகிரிக்கும் மேல் சூடேறியிருப்பது தெளிவாகத் தெரிகிறது. 2003, 2022 கோடைகளின் வெப்ப அலைகளில் மத்தியதரைக் கடலின் மேற்குப் பகுதியில் கடல் விசிறிகள் ஏராளமாகச் செத்தன. தசை உரிந்து, உள்ளே இருக்கும் கரிய தண்டு வெளியே தெரியும்; சில மாதங்களில் அதன் மேல் வேறு உயிர்கள் படரும்.

அதனால் முக்குளிப்பவர்கள் சிலர் இப்போது சிலேட்டும் பென்சிலும் கட்டிக்கொண்டு இறங்குகிறார்கள். ஒரே ஆழத்தில் சுவரோடு நகர்ந்து நூறு விசிறிகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, பத்தில் ஒரு பங்குக்கு மேல் தசை உரிந்தவற்றைக் குறித்துவந்து பார்சிலோனாவின் கடல் அறிவியல் நிறுவனம் நடத்தும் பதிவேட்டில் சேர்க்கிறார்கள். நூறைத் தொடுவதற்குள் உடல் குளிர்ந்துவிடும், சிலிண்டரில் காற்றும் குறைந்திருக்கும். எழுதும் கை சுவரில் சாயக்கூடாது. மெடஸுக்குப் போகும் தேர்ந்த முக்குளிப்பாளர்கள் எல்லோரும் ஆண்டில் ஒரு முறையாவது இதைச் செய்ய வேண்டும் என்று விரும்புகிறேன்.