கல்லறையில் இல்லாத வரி

பள்ளி நாட்களில் பேச்சுப்போட்டி என்றால் எனக்கு ஒரே முடிவுரைதான். தலைப்பு தாய்மொழியாக இருக்கட்டும், மரம் வளர்ப்பாக இருக்கட்டும், கடைசி நிமிடத்தில் ஜி.யு.போப்பைக் கூட்டி வந்துவிடுவேன். தன் கல்லறையில் ‘இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகிறான்’ என்று பொறிக்கச் சொன்னார் அந்த வெள்ளைக்காரர் என்று குரலைத் தாழ்த்திச் சொன்னால் போதும், கைதட்டல் உறுதி. நான் சாயர்புரத்துக்காரன் வேறு. 1840களில் போப் பாடம் நடத்திய ஊர், அவர் பெயரில் கல்லூரி இருக்கிற ஊர். அதையும் ஒரு வரி சேர்த்துக்கொள்வேன். வீட்டில் இன்னும் இரண்டு பரிசு டம்ளர்கள் கிடக்கின்றன.

வேலைக்கு வந்தபின் ஒருநாள் ஆக்ஸ்போர்டில் உள்ள அந்தக் கல்லறையின் படத்தைப் பெரிதாக்கிப் படித்தேன். ஆங்கிலத்தில் பெயர், பதவி, 1820, 1908. குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் சேர்ந்து வைத்த கல் என்ற செய்தி. மாணவனும் இல்லை, உறக்கமும் இல்லை.

அப்படியானால் அந்த வரி ஏன் இவ்வளவு நன்றாக வேலை செய்கிறது? அரிஸ்டாட்டில் சொன்ன மூன்றையும் வைத்துப் பார்க்கலாம்: சொல்பவர் மீதான நம்பிக்கை, கேட்பவரின் உணர்ச்சி, தர்க்கம். புகழ்பவர் அந்நியர், அவருக்கு இதில் லாபம் கிடையாது, அதனால் நம்புகிறோம். தொல்காப்பியம் சொல்லும் மெய்ப்பாடுகளில் அழுகையும் பெருமிதமும் ஒரே வரியில் சேர்ந்து வருகின்றன. தர்க்கம் இருக்கவேண்டிய இடத்தில் மட்டும் ஒரு கல் இருக்கிறது. கல்லில் இருப்பதை யார் கேள்வி கேட்பார்கள்? போய்ப் பார்க்கவும் ஆக்ஸ்போர்டு ரொம்ப தூரம்.

வேடிக்கை என்னவென்றால், போப்பும் இதையே செய்திருக்கிறார். 1886இல் வந்த குறள் மொழிபெயர்ப்பின் முன்னுரையை எடுத்துக்கொள்ளுங்கள். வள்ளுவர் மயிலாப்பூர்க்காரர் என்பது மரபு. அங்கே பழைய காலத்திலேயே கிறிஸ்தவர்கள் இருந்தார்கள் என்பது இன்னொரு மரபு. இரண்டையும் பக்கத்தில் வைத்து, கடற்கரையில் வள்ளுவர் கிறிஸ்தவ போதகர்களோடு உலாவுவதைக் கற்பனை செய்துகொள்ளலாம் என்கிறார். அங்கிருந்து குறளில் கிறிஸ்தவத் தாக்கம் வரை போய்விடுகிறார். நடுவில் ஒரு சான்றும் இல்லை. அவர் வள்ளுவரைத் தன் மதத்தின் பக்கம் இழுத்தார், நாம் அவரை நம் வகுப்பறைக்கு இழுத்தோம். பிரியம் வைத்தவரை நம்மவராக்கிக்கொள்ளும் அவசரம் இரண்டிலும் ஒன்றுதான். ஒரு வித்தியாசம் உண்டு: அவர் கற்பனை என்று சொல்லிவிட்டுக் கற்பனை செய்தார். நாம் அதைக் கல்லிலேயே வெட்டிவிட்டோம்.

ஊரில் சித்தப்பாவிடம் இதைச் சொன்னேன். “அதுக்கென்னல இப்போ? கேக்க நல்லாத்தான இருக்கு. யாருக்கு நட்டம்?” என்றார்.

அன்று பதில் சொல்லத் தெரியவில்லை. இப்போது தோன்றுவது இது. நாம் சொல்லும் கதையில் ஒரு வெள்ளைக்காரர் தமிழுக்குச் சான்றிதழ் தருகிறார், நாம் கைகட்டி வாங்கிக்கொள்கிறோம். உண்மையான கல்லில் நன்றி சொல்பவர்கள் நாம்தான். குறளையும் திருவாசகத்தையும் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோன ஒருவருக்கு, இங்கிருந்த தமிழர்கள் கடல் தாண்டி மரியாதை செய்திருக்கிறார்கள். கைதட்டலுக்காக நாம் விட்டுக்கொடுத்தது அந்த இடத்தைத்தான்.

நட்டம் நமக்குத்தான், சித்தப்பா.