சென்னையின்: ஓர் உருபும் ஒரு கால்பந்துக் கழகமும்

தமிழ்நாட்டுக் கால்பந்து அணி ஒன்றின் பெயரிலேயே வேற்றுமைப் பொருள் ஒட்டிக்கொண்டிருப்பதை நம் அன்பர்களில் சிலராவது கவனித்திருப்பீர்கள். 2014இல் இந்தியன் சூப்பர் லீக் போட்டி தொடங்கியபோது, சென்னைக்கு அமைந்த அணிக்குச் 'சென்னையின் எஃப்.சி.' என்று பெயர் வைத்தார்கள். ஊர்ப்பெயர் தாங்கிய கால்பந்துக் கழகங்கள் உலகில் ஏராளம். ஆனால் லிவர்பூல் என்றால் லிவர்பூல்தான். பெயர் அங்கே முடிந்துவிடுகிறது. 'சென்னையின்' என்பது முடியாத சொல். சென்னையின் எது? அடுத்த சொல்லை நாம்தான் போட்டுக்கொள்ள வேண்டும்.

இந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு ஒரு கேள்வியைக் கொஞ்சம் அலசிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். ஒரு விளையாட்டுக் கழகம் எந்த ஊரின் சொத்து? அந்த ஊரில் பிறக்காதவனும் அங்கே குடியிருக்காதவனும் 'எங்க டீம்' என்று சொல்லலாமா? சாமராஜநகரில் இருந்துகொண்டு தமிழ் பேசும் என்னைப் போன்றவர்களுக்கு இது வெறும் விளையாட்டுக் கேள்வி அல்ல. "நீங்க எந்த ஊரு?" என்ற, வாழ்நாள் முழுவதும் கேட்டு அலுத்த கேள்வியின் இன்னொரு வடிவம் அது.

முதலில் இலக்கணம். உடைமைப் பொருள் ஆறாம் வேற்றுமைக்கு உரியது. அந்த உடைமையைக் 'கிழமை' என்று சொல்லி இரண்டாகப் பிரித்தார்கள் நம் இலக்கணிகள். கண்ணனது கை என்பது தற்கிழமை. கையைக் கண்ணனிடமிருந்து பிரிக்க முடியாது. கண்ணனது வீடு என்பது பிறிதின்கிழமை. இன்றைக்குக் கண்ணனுடையது, நாளைக்குப் பத்திரம் பதிந்தால் இன்னொருவருடையது. தற்கிழமையை நன்னூல் மேலும் ஐந்தாக வகுக்கிறது: பண்பு, உறுப்பு, ஒன்றன் கூட்டம், பலவின் ஈட்டம், திரிபின் ஆக்கம். கடைசி இரண்டையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

இன்னொரு வேடிக்கை உண்டு. இன்றைய வழக்கில் 'சென்னையின்' என்றால் சென்னையினுடைய என்று பொருள். ஆனால் நன்னூலின் கணக்கில் 'இன்' ஐந்தாம் வேற்றுமை உருபு. அதன் பொருள்கள் நீங்கல், ஒப்பு, எல்லை, ஏது. 'ஊரின் நீங்கினான்' என்றால் ஊரை விட்டுப் போனான் என்று பொருள். ஆக அந்த அணியின் பெயருக்குள் ஊருக்கு உரியவனும் இருக்கிறான், ஊரை விட்டு வந்தவனும் இருக்கிறான். பெயர் வைத்தவர்கள் இவ்வளவு யோசித்திருக்க மாட்டார்கள். சொல்லுக்குள் இருப்பதை எடுத்துக்கொள்வது நம் உரிமை. அதுவும் நன்னூல் நமக்கு வெளியூர்ச் சரக்கல்ல. பவணந்தியாரை அதை எழுதச் செய்த சீயகங்கன் கங்கர் குலத்தவன். தலக்காட்டிலிருந்து கங்கர்கள் ஆண்ட நிலத்தில்தான் நாம் இன்று குடியிருக்கிறோம்.

கால்பந்துக் கழகத்தோடு தனிமனிதனுக்குள்ள உறவைப் பற்றிய நூல் என்றால் எல்லோரும் சுட்டுவது நிக் ஹார்ன்பி எழுதி 1992இல் வெளிவந்த 'ஃபீவர் பிட்ச்'. ஆர்சனல் அணியின் ரசிகர் ஒருவரின் தன்வரலாறு அது. பெற்றோர் பிரிந்த பிறகு, 1968இல் பையனைத் தந்தை முதன்முதலாக ஆர்சனல் மைதானத்துக்கு அழைத்துப் போகிறார். அன்று பிடித்த பித்து பிறகு தெளியவேயில்லை. ஆனால் ஹார்ன்பி வளர்ந்தது ஆர்சனல் இருக்கும் வடக்கு லண்டனில் அல்ல. லண்டனுக்கு வெளியே மெய்டன்ஹெட் என்ற ஊரில். 1972இல் பக்கத்து ஊரான ரெடிங்கில் நடந்த கோப்பை ஆட்டத்தைப் பார்க்கப் போகிறார். அங்கே லண்டன்காரன் போலப் பேச்சை மாற்றிக்கொண்டு உட்காருகிறார். குட்டு வெளிப்பட்டு, 'உன் ஊர் அணி இதுதானே' என்கிற பேச்சு வந்ததும் அவமானத்தில் குறுகிப்போகிறார்.

நூலின் மிக நேர்மையான இடம் இதுதான் என்று சொல்வேன். ஆனால் அந்த நிகழ்ச்சியிலிருந்து ஹார்ன்பி எடுக்கும் முடிவோடு எனக்கு உடன்பாடில்லை. புறநகர் நடுத்தர வர்க்கத்து ஆங்கிலேயனுக்கு வேர் கிடையாது, அதனால் வேறொருவரின் ஊரை இரவல் வாங்கிக்கொள்கிறான் என்ற தொனியில் அவர் எழுதுகிறார். அவருடைய நூலே அவரை மறுக்கிறது. அத்தியாயங்கள் எல்லாம் ஆட்டத் தேதிகளைத் தலைப்பாகக் கொண்டவை. பள்ளி, கல்லூரி, காதல், வேலை, மனச்சோர்வு எல்லாவற்றையும் அந்தத் தேதிகளை வைத்தே நினைவுகூர்கிறார். இருபத்து சொச்சம் ஆண்டுகள் ஒரு மைதானத்தின் படிக்கட்டில் நின்று வயதானவனுடைய உறவை இரவல் என்று எப்படிச் சொல்வது? பிறப்புச் சான்றிதழில் இல்லாத ஊர் காலண்டரில் இருக்கிறது. வேர் என்றால் பிறந்த இடம் மட்டுமே என்று ஹார்ன்பி நம்பியதால் வந்த வெட்கம் அது. புலம்பெயர்ந்த நமக்கும் அதே வெட்கம் உண்டு என்பதால்தான் இதை விரிவாகச் சொல்கிறேன்.

இதற்கு நேர் எதிரான கதை நம் நாட்டிலேயே இருக்கிறது. கல்கத்தாவில் 1920 ஆகஸ்ட் 1ஆம் தேதி தொடங்கப்பட்ட ஈஸ்ட் பெங்கால் கழகம். பெயரிலேயே ஊர் உண்டு. ஆனால் அந்த ஊர் கழகம் இருக்கும் இடத்தில் இல்லை. கிழக்கு வங்கத்திலிருந்து வந்து கல்கத்தாவில் வாழ்ந்தவர்களுக்கான கழகம் அது. 1947இல் நாடு பிரிந்தபோது கிழக்கு வங்கமே எல்லைக்கு அப்பால் போய்விட்டது. வீடு வாசலை விட்டு அகதிகளாக வந்தவர்களுக்குப் பழைய ஊரின் பெயரைச் சத்தமாகச் சொல்ல ஓர் இடம் மிஞ்சியது, அது மைதானம். அணி ஜெயித்தால் இலிஷ் மீன் வாங்குவார்கள். எதிரணியான மோகன் பகான் ஜெயித்தால் அந்தப் பக்கத்து வீடுகளில் இறால். ஐந்தாம் வேற்றுமையின் 'நீங்கல்' பொருளில் நிற்கும் கழகம் என்று இதைத்தான் சொல்ல வேண்டும்.

இந்தக் கதையில் நம் பக்கத்துக்கும் பங்கு உண்டு. பிரிவினைக்குப் பிந்திய ஆண்டுகளில் ஈஸ்ட் பெங்காலின் முன்வரிசையைப் 'பஞ்ச பாண்டவர்' என்று அழைத்தார்கள். அகமது கான், தனராஜ், வெங்கடேஷ், அப்பாராவ், சாலே. ஐவரில் ஒருவர்கூட வங்காளி இல்லை. அகமது கானும் தனராஜும் பெங்களூரிலிருந்து போனவர்கள், சாலே கேரளத்தவர், அப்பாராவ் ஆந்திரர். இவர்கள் ஆடிய காலத்தில் 1949, 1950, 1951 என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள் ஐ.எஃப்.ஏ. கேடயம் ஈஸ்ட் பெங்காலுக்கு வந்தது. பத்மா நதியைப் பார்த்தறியாத தென்னாட்டுக்காரர்கள் ஊரிழந்த வங்காளிகளுக்காகக் கோல் போட்டார்கள். அந்த அகதிகள் இவர்களிடம் "நீ எந்த ஊர்" என்று கேட்டுத் தள்ளிவைக்கவில்லை. தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்கள்.

ஊர் போய்க் கழகம் மிஞ்சியது கல்கத்தாக் கதை. கழகம் போய் ஊர் மிஞ்சியது லண்டனின் விம்பிள்டன் கதை. 1988இல் லிவர்பூலைத் தோற்கடித்து எஃப்.ஏ. கோப்பையை வென்ற விம்பிள்டன் அணியை, ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மில்டன் கீன்ஸ் நகருக்கு எடுத்துச்செல்ல 2002இல் அனுமதி கிடைத்தது. உரிமையாளர் பார்வையில் அது சரக்கு, லாரியில் ஏற்றிவிடலாம். ரசிகர்கள் அதே ஆண்டு தாங்களே ஏ.எஃப்.சி. விம்பிள்டன் என்று புதிய கழகம் தொடங்கி, ஒன்பதாம் படியிலிருந்து ஆட ஆரம்பித்தார்கள். 2011இல் தொழில்முறை லீகுக்குத் திரும்பினார்கள். 2020 நவம்பரில் பழைய ப்ளோ லேன் தெருவிலேயே புதிய மைதானத்தில் ஆடினார்கள். இதற்கிடையில், 2007இல், மில்டன் கீன்ஸ் கழகம் பழைய கோப்பைகளை விம்பிள்டன் பகுதியின் உள்ளாட்சியிடம் ஒப்படைத்துவிட்டது. லீகில் ஆடும் இடம் பிறிதின்கிழமை, கைமாறியது. வரலாறு தற்கிழமை, கைமாற மறுத்தது. பவணந்தியார் வகுத்த வகைப்பாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

இப்போது வீட்டுக்கு வருவோம். சென்னையின் எஃப்.சி.யில் பங்குதாரர்களாக அறியப்பட்டவர்கள் மும்பை நடிகர் அபிஷேக் பச்சனும் ராஞ்சிக்காரரான தோனியும் போன்றோர். அந்த வகையில் பெயரிலுள்ள 'இன்' முழுக்கப் பிறிதின்கிழமை. வியாசர்பாடியில் வளர்ந்த தனபால் கணேஷ் அந்தச் சட்டையைப் போட்டு நடுக்களத்தில் ஆடியபோது அது கொஞ்சம் தற்கிழமைப் பக்கம் நகர்ந்தது. சென்னை சிட்டி என்ற மற்றோர் அணியின் கதை இன்னும் விசித்திரம். பெயரில் சென்னை, 2017-18 முதல் ஆடியதோ கோயம்புத்தூர் நேரு மைதானத்தில். 2019 மார்ச்சில் அங்கேயே மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று ஐ-லீக் பட்டம் பெற்றது. 'சென்னை' என்று கோவைக்காரர்கள் தொண்டை கிழியக் கத்தினார்கள். இரண்டே ஆண்டில், 2020-21 பருவத்தோடு, அந்த அணி தேசிய லீகிலிருந்து மறைந்தது. அங்கே விம்பிள்டன் நடக்கவில்லை. ரசிகர் கூட்டம் கூடியது, கழகமாக உறையவில்லை.

2018 மார்ச் 17ஆம் தேதிக்கு வருகிறேன். பெங்களூர் கண்டீரவா மைதானத்தில் ஐ.எஸ்.எல். இறுதியாட்டம், பெங்களூரு எஃப்.சி.யும் சென்னையின் எஃப்.சி.யும் மோதின. சுனில் சேத்ரி ஒன்பதாவது நிமிடத்தில் தலையால் முட்டிப் பெங்களூருக்கு முதல் கோல் போட்டார். பிறகு சென்னையின் தடுப்பாட்டக்காரர் மைல்சன் ஆல்வஸ் இரண்டு, ராஃபேல் அகஸ்டோ ஒன்று. கடைசியில் 3-2 என்று சென்னை ஜெயித்தது. என் வீட்டில் நான் ஒரு கட்சி, இங்கேயே பிறந்து கன்னடப் பள்ளியில் படித்த என் மகன் எதிர்க்கட்சி. "அப்பா, நம்ம ஊரு டீம் தோக்குது, நீங்க சிரிக்கிறீங்க!" என்றான். 'நம்ம ஊரு' என்று அவன் சொன்னது பெங்களூரை. சொன்ன மொழி தமிழ். காவிரித் தண்ணீர் பற்றிய செய்தி வரும் நாள்களில் இதே கேள்வி வெளியில் எப்படிக் கேட்கப்படும், நாம் எவ்வளவு தாழ்ந்த குரலில் பதில் சொல்வோம் என்பது வாசகர்களுக்குத் தெரியாததல்ல. ஒரே சோபாவில் உட்கார்ந்து இரண்டு ஊருக்காகவும் சத்தம் போட இடம் கொடுத்த ஒரே விஷயம் எனக்குத் தெரிந்து கால்பந்துதான்.

அவன் சொன்னதில் நியாயமும் இருக்கிறது. பெங்களூர்க் கால்பந்தில் தமிழர் விருந்தாளிகள் அல்லர். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக இந்தியாவின் ஒரே கோலைப் போட்ட சாரங்கபாணி ராமன் பெங்களூர்க்காரர். 1962 ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியிலிருந்த அருமைநாயகமும் அந்த ஊர்தான். அல்சூர் அருகே தமிழ் பேசும் கௌதமபுரத்தில் இன்றும் பெலேக்குச் சிலை இருக்கிறது. பந்தை உதைத்து உதைத்தே அந்தத் தெருக்கள் ஊராயின.

ஊர் எல்லை என்பதும் கல்வெட்டு அல்லவே. இன்று நம் மாவட்டத்திலிருக்கும் கொள்ளேகாலம் 1956 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. கன்னடம் பேசுவோர் நிறைந்த தாளவாடி ஈரோடு மாவட்டத்தில் இருக்கிறது. 1997இல் மைசூரிலிருந்து பிரிந்து சாமராஜநகர் தனி மாவட்டமாயிற்று. நிலத்தின் கிழமை அரசாணையில் மாறிக்கொண்டே இருக்கிறது. அப்படியிருக்க, மனிதனின் கிழமையை மட்டும் பிறந்த இடத்தில் ஆணியடித்து வைப்பது என்ன நியாயம்?

என் முடிவு இது. கழகம் உரிமையாளரின் பிறிதின்கிழமை, அது சட்டம். அதைத் தற்கிழமையாக்குவது பலவின் ஈட்டம், அதாவது வேறு வேறான பலரும் ஓரிடத்தில் கூடிச் சேர்வது. ஈஸ்ட் பெங்காலும் விம்பிள்டனும் நிற்பது அந்த ஈட்டத்தில். ஹார்ன்பியின் உரிமையும் அதிலிருந்தே வந்தது. கூடாதவனுக்கு அந்த ஊரிலேயே பிறந்தாலும் பாத்தியதை இல்லை.

நம் சங்கங்களுக்கும் இது பொருந்தும். ஆண்டுதோறும் தாய்த்தமிழகத்தைப் புகழ்ந்து மலர் வெளியிடுகிறோம்; பொங்கலன்று வேட்டி கட்டிப் படம் எடுத்துக்கொள்கிறோம். பெயரில் 'தமிழ்' இருப்பதாலேயே பிள்ளைகள் வந்துவிடுவார்கள் என்று நம்புவது, பெயரில் 'சென்னை' இருந்தாலே ரசிகர் வந்துவிடுவார்கள் என்று நம்பிய முதலாளிகளின் கணக்குதான். இங்கே பிறந்த பிள்ளைகள் தம் அப்பாவின் ஊரை வாரிசுச் சொத்தாக வாங்கிக்கொள்ள மாட்டார்கள். அவர்கள் கூடுவதற்குக் காரணமும் களமும் வேண்டும். அது ஞாயிற்றுக்கிழமை மைதானமாகவும் இருக்கலாம், அங்கே கன்னடப் பையன்களும் உருதுப் பையன்களும் சேர்ந்தே ஆடலாம்.

ஐந்து தற்கிழமைகளில் கடைசியான திரிபின் ஆக்கத்துக்கு உரையாசிரியர்கள் தரும் உதாரணம் நெல்லின் பொரி. பொரி மறுபடி நெல்லாகாது. அதை விதைக்கவும் முடியாது. ஆனாலும் நெல்லினதே என்று இலக்கணம் ஒத்துக்கொள்கிறது. என் மகனை நான் அந்த வகையில் வைத்திருக்கிறேன். அவன் பெங்களூருக்காகக் கத்தட்டும். தமிழில் கத்துகிறான், அது எனக்குப் போதும்.